எலுமிச்சம்பழ விளக்கு

ஏழாவது எலுமிச்சம்பழத்தையும் ஆணியால் குத்தியாகிவிட்டது. விளக்கு எரிவதாகக் காணோம்.

"சார், இன்னும் எத்தனை பழத்தைக் குத்தோணுமுங்க?" என்று கேட்டாள் முதல் பெஞ்சு அக்ஷிதா. கேள்வியில் மரியாதைக்குக் குறைவில்லை. கொங்குப் பிள்ளைகள் கேலி செய்தாலும் 'ங்க' போட்டுத்தான் கேலி செய்யும்.

அருள்குமார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையில் எலுமிச்சைச் சாறு இருந்தது. கண் எரிந்தது. அன்றைக்கு அந்த எட்டாம் வகுப்பில் எரிந்தது அது ஒன்றுதான்.

அன்னூருக்குத் தெற்கே பூளக்காட்டுப்புதூர் நடுநிலைப் பள்ளியில் அவர் அறிவியல் ஆசிரியர். வயது நாற்பத்திரண்டு. பாடப் புத்தகத்தில் போட்டிருந்தபடிதான் எல்லாம் செய்திருந்தார். பழத்தின் ஒரு பக்கம் செம்புக் கம்பி, மறுபக்கம் துத்தநாகம் பூசிய ஆணி, ஒரு பழத்தின் கம்பியிலிருந்து அடுத்த பழத்தின் ஆணிக்கு ஒயர், கடைசியில் ஒரு டார்ச் பல்பு. புத்தகத்தில் எரிந்தது. இங்கே எரியவில்லை.

"பழம் பத்தலைன்னு நினைக்கிறேன். ஆளுக்கொரு பழம் கொண்டு வாங்க" என்றார்.

மதிய உணவு மணிக்குப் பிறகு பழங்கள் வந்து குவிந்தன. சாத்துக்குடி, நெல்லிக்காய், தக்காளி, ஒரு முழுப் பப்பாளி. கிளம்பியதில் பாதிதான் வகுப்புக்கு வந்து சேர்ந்தது. மீதி வழியிலேயே ஜீரணமாகிவிட்டது. வந்ததையும் அவர் குத்தி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சுக்காரர்கள் உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். பல்பு கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தலைமை ஆசிரியை அன்புக்கரசி எட்டிப் பார்த்தார்.

"திங்கக்கிழமை வட்டாரக் கல்வி அலுவலர் வாராருங்க சார். உங்க பழம்தான் மொதல் ஐட்டம். ஸ்கூல் மானத்தைக் காப்பாத்திப்போடுங்க."

அவர் போன கையோடு வாசலில் இன்னொரு குரல் கேட்டது.

"டார்ச் பல்புக்கு இந்தக் கரண்ட் பத்தாதுங்க சார். எல்.இ.டி. போடோணும்."

பக்கத்து வகுப்பில் கணக்கு எடுக்கும் நந்திதா டீச்சர். சாக்பீஸும் கையுமாக நின்றிருந்தார். சொல்லிவிட்டு உடனே தன் வகுப்புக்குப் போய்விட்டார்.

இருவரும் அந்தப் பள்ளியில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறார்கள். அந்த இரண்டு வருடத்தில் அருள்குமார் அவரிடம் பேசியது எல்லாவற்றையும் எழுதினால் ஒரு தபால் கார்டு தாங்கும். "சாக்பீஸ் இருக்குங்களா டீச்சர்?" "மணி அடிச்சாச்சுங்களா டீச்சர்?" மத்தியானம் ஆசிரியர் அறையில் இருவரும் ஒரே நேரத்தில் சாப்பிடுவார்கள். நடுவில் ஓர் இரும்பு பீரோ நிற்கும். அந்தப் பக்கம் டிபன் பாக்ஸ் மூடி திறக்கிற சத்தம் கேட்டால் இவர் இந்தப் பக்கம் திறப்பார். சேர்ந்து சாப்பிடுவதாக அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட ஏற்பாடு அது.

சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில், உள்ளூர்க்காரரான நந்திதா டீச்சரே வந்து பேசினார்.

"எங்க ஊட்டுல எல்.இ.டி. கெடக்குதுங்க சார். ஞாயித்துக்கெழமை காத்தால ஒம்பது மணிக்குப் பழத்தையெல்லாம் கொண்டு வந்தீங்கன்னா போட்டுப் பார்த்துரலாம். திங்கக்கிழமை அதிகாரி முன்னால வெச்சு எரியலைன்னா அசிங்கமுங்க."

"சரிங்க டீச்சர்."

"கூடவே உப்பு, சர்க்கரை, வினிகர் கொஞ்சம் எடுத்துக்குங்க. எந்தத் தண்ணியில கரண்ட் போகுது, எதுல போகலைன்னும் காட்டிரலாம். உப்புல போகும். சர்க்கரையில போகாது."

அறிவியல் ஆசிரியருக்குத் தோன்றாதது கணக்கு டீச்சருக்குத் தோன்றிவிட்டது. அருள்குமாருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்தில் மறுபடியும் "சரிங்க டீச்சர்" என்றார். தபால் கார்டில் இரண்டு வரி கூடியது.

அன்னூரில் ஒரு மாடி வீட்டில் அவர் தனியாகக் குடியிருந்தார். அப்பா போய்ப் பன்னிரண்டு வருடம், அம்மா போய் நாலு வருடம். ஒரு டம்ளர் அரிசி போட்டால் காலைக்கும் இரவுக்கும் ஆகும். அந்த வீட்டுப் படியேறி வருகிற ஒரே மனிதர் சிலிண்டர் போடுகிறவர். அவரையும் நின்று பேசவிடாமல் கீழே வண்டி ஹாரன் அடித்துக் கூப்பிட்டுவிடும். ஒருமுறை அவருக்கென்று காபி போட்டு வைத்துக் காத்திருந்து, அவர் வராததால் இரண்டு காபியையும் இவரே குடித்தார். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கும் ஆள் வேண்டுமே.

கல்யாணத்துக்கு முயற்சி செய்யாமல் இல்லை. சூலூரில் தறி ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு போன அக்கா புவனா, வாரத்துக்கு ஒரு ஜாதகமாக ஆறு வருடம் அனுப்பினாள். பத்தொன்பது வீட்டில் காபி குடித்தார். மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு இல்லை என்றார்கள். பூமி இருக்கிறது, தண்ணீர் இல்லை என்றார்கள். கூட வந்து பேச அப்பன் ஆத்தாள் இல்லை என்றார்கள். கடைசியாகப் பார்த்த பெண் காபித் தட்டை நீட்டியபடி, "மாப்பிள்ளை எப்பங்க வருவாரு?" என்று இவரிடமே கேட்டாள். அதற்குப் பிறகு அக்காவும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும்தான் போன் பண்ணுகிறாள்.

சனிக்கிழமை மளிகைக் கடைக்குப் போனார். உப்பு இருந்தது, சர்க்கரை இருந்தது. வினிகர் என்றதும் கடைக்காரர், "அதெல்லாம் கோயமுத்தூர்லதானுங்க கெடைக்கும்" என்று கையை விரித்துவிட்டார். கூட இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கினார். மொத்தம் ஒன்பது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பழங்களைக் கோத்தார். பையில் வைத்தால் ஒயர்கள் பிடுங்கிக்கொண்டன. அட்டைப் பெட்டியில் வைத்தால் உருண்டன. தட்டையாக, விளிம்போடு ஏதாவது வேண்டும். பரண்மேல் அம்மாவின் பித்தளைத் தாம்பாளம் இருந்தது. அதைப் புளி போட்டுத் தேய்த்து, ஒன்பது பழத்தையும் வட்டமாக அடுக்கி, நகராமல் இருப்பதற்காக நடுவில் உப்புப் பாக்கெட்டையும் சர்க்கரைப் பாக்கெட்டையும் முட்டுக் கொடுத்து வைத்தார். இடைவெளியில் இரண்டு சாத்துக்குடி. பார்க்க அம்சமாக இருந்தது.

கடைசி ஆணியை அழுத்தும்போது ஒரு பழம் பீய்ச்சியடித்துப் பேன்ட் முழுக்கச் சாறு. இன்னொரு பேன்ட் வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் வெள்ளை வேட்டி கட்டினார். வேட்டிக்குக் கட்டம் போட்ட சட்டை பொருந்தாது என்று வெள்ளைச் சட்டை. வெளியே ஆவணி மாதத் தூறல். ஒயர் நனையக் கூடாதே என்று கைக்கு அகப்பட்ட துணியை எடுத்துத் தாம்பாளத்தை மூடினார். அது அப்பாவின் அறுபதாம் கல்யாணப் பட்டுத் துண்டு. மனிதர் ஒவ்வொரு படியிலும் தகுந்த காரணத்தோடுதான் இறங்கினார் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு கையாலும் தாம்பாளத்தைப் பிடித்தால் பைக்கை யார் ஓட்டுவது? யோசித்துக்கொண்டு கேட்டைத் தாண்டினால், தெரிந்த ஆட்டோக்காரன் ரிஃபத்தின் ஆட்டோ நின்றிருந்தது.

"பூளக்காட்டுப்புதூர்ங்களா சார்? நானும் அந்தப் பக்கந்தான். ஏறுங்க."

"ஆட்டாம ஓட்டுங்க ரிஃபத். ஒயர் கழண்டுரும்."

"நீங்க நிம்மதியா ஒக்காருங்க. நேர் ரோட்டுல பள்ளம் வெட்டிப் போட்டிருக்காங்க. ஊருக்குள்ள சுத்தித்தான் போகோணும்."

ஆட்டோ மாட்டு வண்டி வேகத்தில் போனது. கடைவீதி வந்தது. மாரியம்மன் கோயில் வந்தது. பால் சொசைட்டி முன்னால் ஏழெட்டுப் பேர் கேனோடு நின்றார்கள். ஆட்டோவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் கும்பிட்டார். அருள்குமாருக்குக் கை ஒழியவில்லை. பதிலுக்குச் சிரித்துத் தலையை ஆட்டினார். வளர்பிறை ஞாயிறு, வேட்டி, தாம்பாளம், பட்டுத் துண்டு, சிரித்த முகம். ஊருக்கு வேறென்ன தகவல் வேண்டும்?

வாசலில் நந்திதா டீச்சரின் அப்பா செங்கோட்டையன் நின்றிருந்தார். எழுபது வயது, நல்ல உயரம்.

"வாங்க, வாங்க."

"டீச்சர் வரச் சொன்னாங்க. பழம் கொண்டு வந்திருக்கேனுங்க" என்றபடி அருள்குமார் படியேறினார். ஏறும்போது பட்டுத் துண்டு நழுவிக் கீழே விழுந்தது.

செங்கோட்டையன் தாம்பாளத்தைப் பார்த்தார். பழங்களைப் பார்த்தார். நடுவில் இருந்த இரண்டு பாக்கெட்டையும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"தெய்வா! ஏ தெய்வா! சீக்கிரம் ஓடியா. உப்புச் சர்க்கரையோட வந்திருக்காங்க!"

அருள்குமாருக்கு அப்போதுதான் உறைத்தது. கொங்குப் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் உப்பும் சர்க்கரையும் வாங்கிவந்து கொடுத்தால் பெண்ணை நிச்சயம் செய்தாயிற்று என்று அர்த்தம். அதற்கு மேல் பேச்சில்லை. இதே மண்ணில் பிறந்து வளர்ந்தவருக்கு இது தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். ஆனால் பார்த்த பத்தொன்பது இடத்தில் ஒன்றாவது உப்புச் சர்க்கரை வரைக்கும் போயிருந்தால் அல்லவா சட்டென்று ஞாபகம் வரும்?

"ஐயோ, இல்லீங்க. இது சோதனைக்குங்க."

"கல்யாணம்னாலே சோதனைதானுங்க தம்பி. நானும் முப்பத்தெட்டு வருசம் அந்தச் சோதனையில இருந்தவந்தான். உள்ள வாங்க."

அதற்குள் அடுத்த வீட்டிலிருந்து செங்கோட்டையனின் தங்கை தெய்வாத்தாள் வந்துவிட்டாள். அவள் பின்னால் ஐந்து பெண்கள் வந்தார்கள். அவர்கள் பின்னால் பால் சொசைட்டியில் பார்த்த ஆட்கள் கேனோடு வந்தார்கள். தாம்பாளம் எப்போது கை மாறியது என்று தெரியவில்லை. அது கூடத்தின் நடுவில் ஜமுக்காளத்தின் மேல் இருந்தது. அருள்குமார் அதற்கு எதிரில் இருந்தார்.

"நந்திதா டீச்சரைக் கொஞ்சம் கூப்பிடுங்க. அவங்களுக்கு எல்லாம் தெரியும்."

"தெரியாமயா இருக்கும்?" என்று தெய்வாத்தாள் சிரித்தாள். "ஆனா பொண்ணு இப்ப வெளிய வரப்படாதுங்க. மொறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. நந்திதா டீச்சர் அங்கேதான் இருந்தார். இரும்பு பீரோவுக்குப் பதில் ஒரு சுவர். மற்றபடி நிலைமை பழையதுதான்.

"நீங்க என்ன கூட்டமுங்க?" என்று தெய்வாத்தாள் அடுத்த கேள்விக்குப் போனாள்.

அருள்குமாருக்கு உயிர் வந்தது. கூட்டம் என்றால் குலம். ஒரே கூட்டமாக இருந்துவிட்டால் பங்காளி. அண்ணன் தங்கை முறை. கல்யாணப் பேச்சு அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

"காடை கூட்டமுங்க" என்றார் நம்பிக்கையோடு.

"நாங்க ஆந்தை கூட்டம். அப்ப ஒரு கொறையும் இல்லை!" என்றாள் தெய்வாத்தாள். பெண்கள் பக்கம் ஒரே சந்தோஷம்.

"பெரியவங்க ஆரும் வரலீங்களா? ஒத்தையா வந்திருக்கீங்களே?"

அடுத்த வழி கிடைத்துவிட்டது. அக்காவிடம் கேட்டால், எனக்கு ஒன்றுமே தெரியாது, அப்படியெல்லாம் இருக்காது என்று அவளே சொல்லிவிடுவாள். அருள்குமார் அவசர அவசரமாக நம்பரைக் கொடுத்தார். தெய்வாத்தாள் ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

அந்தப் பக்கம் தறிச் சத்தம் கேட்டது. பிறகு அழுகை.

"நெசமாலுமா? ஏன்டா கண்ணு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா? அம்மா இருந்து பார்க்காம போயிருச்சேடா. நான் இப்பவே கெளம்பி வாரேன். நான் வர்ற வரைக்கும் உப்புச் சர்க்கரையைக் குடுத்துராதே. இல்ல இல்ல, குடுத்துரு! எனக்காக நிறுத்தாதே, நல்ல நேரம் போயிரும்!"

போன் கட்டாகிவிட்டது.

"அழுதுபோட்டாங்க, பாவம்" என்று தெய்வாத்தாளும் மூக்கை உறிஞ்சினாள்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அருள்குமார் வாயைத் திறந்தார். அந்த வாய்க்கு முன்னால் ஒரு தலைவாழை இலை வந்தது. இலையில் சந்தகை. அதன்மேல் தேங்காய்ப்பால், சர்க்கரை.

சந்தகை தனி ஆள் செய்து சாப்பிடுகிற பண்டம் அல்ல. அரிசியை ஆட்டி, வேகவைத்து, ஒருவர் அழுத்தி ஒருவர் பிடித்துப் பிழிய வேண்டும். அம்மா போன பிறகு அவர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. முதல் வாய் எடுத்ததும் அடுத்த வாய்க்குக் கை தானாகப் போனது. ஐந்து நிமிடம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

"இன்னொரு ரவுண்டு வைங்க தம்பிக்கு" என்றார் செங்கோட்டையன். "வெக்கப்படாமச் சாப்பிடுங்க. இது உங்க ஊடு."

யாரோ இலையைப் பார்த்துப் பார்த்து வைப்பதும், போதும் என்றால் கேட்காமல் இருப்பதும் எத்தனை சுகம் என்று அவருக்கு மறந்தே போயிருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் தள்ளிப் போட்டார். திருட்டுத்தனம்தான். தெரிந்துதான் செய்தார்.

செங்கோட்டையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"செவ்வா தோசம், அது இதுன்னு சொல்லிச் சொல்லியே புள்ளைக்கு முப்பத்தாறு ஆயிப்போச்சுங்க. மூணு வருசமா இந்தப் படியை ஒருத்தரும் ஏறலை. எனக்கப்பறம் அது இந்த ஊட்டுல ஒத்தையில ஒக்காந்து சாப்பிடுமேன்னு நெனச்சா எனக்குச் சோறு எறங்கறதில்லீங்க. இன்னைக்குத்தான் எறங்குது."

அருள்குமாருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. ஒற்றையில் உட்கார்ந்து சாப்பிடுவது என்னவென்று அந்தக் கூடத்தில் அவரைவிடத் தெரிந்தவர் யார்? இனி உண்மையைச் சொன்னால் இந்தப் பெரியவருக்குச் சோறு இறங்காது. சொல்லாவிட்டால், போனால் போகிறதென்று ஒரு விளக்கைக் கடன் கொடுக்க வந்த பெண்ணை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஊரைக் கூட்டித் தனக்கு நிச்சயம் செய்துகொண்டவராக ஆகிவிடுவார். தனக்கு என்ன வேண்டும் என்பதும் அந்த நிமிடத்தில் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. இந்த வீடு வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் வேண்டும். இரண்டு வருடமாகவே வேண்டியிருந்திருக்கிறது. அதனாலேயே அதை இப்படித் தட்டிப் பறிக்கக் கூடாது.

"நல்ல நேரம் முடியப் போகுதுங்க" என்றாள் தெய்வாத்தாள். "உப்பையும் சர்க்கரையையும் எடுத்து அண்ணன் கையில குடுங்க."

அருள்குமார் எழுந்து நின்றார். பேசினார். பயந்தவன் பேசினால் எப்போதும் அளவுக்கு மேல் சத்தம் வந்துவிடும்.

"மன்னிச்சுக்குங்க. நான் பொண்ணு கேட்டு வரலீங்க! இது ஸ்கூல் சோதனை. பழத்துல கரண்ட் எடுக்கறதுக்குக் கொண்டு வந்தது. டீச்சருக்கும் எனக்கும் அந்த மாதிரி நெனப்பே கெடையாதுங்க!"

 சமையலறைச் சத்தம் நின்றது.

"அப்ப உப்புச் சர்க்கரை எதுக்குங்க?" என்றாள் தெய்வாத்தாள்.

"உப்புத் தண்ணியில கரண்ட் போகும். சர்க்கரைத் தண்ணியில போகாது. அதைக் காட்டத்தானுங்க."

தெய்வாத்தாள் சுற்றிலும் பார்த்தாள். ஒருவர் முகத்திலும் நம்பிக்கை இல்லை.

"எலுமிச்சம்பழத்துல கரண்ட்டா? கூச்சத்துல என்னமோ சொல்றாருங்க அண்ணா. ஏனுங்க மாப்ளே, எங்கே, கரண்ட்ட எடுத்துக் காட்டுங்க பார்க்கலாம். லைட்டு எரிஞ்சா சோதனை. எரியாட்டி நிச்சயம். என்ன சொல்றீங்க எல்லாரும்?"

ஊருக்கு இது நியாயமாகப் பட்டது. பால்காரர் ஒருவர் கேனைக் கீழே வைத்துவிட்டு முன்வரிசைக்கு வந்தார். ஒரு பெண் சமையலறைக்குப் போய் எல்.இ.டி.யை வாங்கி வந்து கொடுத்தாள்.

அருள்குமார் தாம்பாளத்தின் முன் மண்டியிட்டு உட்கார்ந்தார். ஒயர்களைச் சரிபார்த்தார். ஒன்பது பழம், ஒன்பது கம்பி, ஒன்பது ஆணி. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. எல்.இ.டி.யின் இரண்டு காலையும் ஒயரில் முறுக்கினார். பதினைந்து வருட வேலையில் முதல் முறையாக ஒரு சோதனை தோற்றுப்போக வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டார். வேண்டியதற்காக உடனே வெட்கப்பட்டார்.

கையை எடுத்தார். விளக்கு எரியவில்லை.

"எரியலை!" என்று கூடமே கத்தியது. ஒரு பெண் குலவை போட்டாள். தெய்வாத்தாள் உப்புப் பாக்கெட்டை எடுத்து அவர் கையில் திணித்தாள். செங்கோட்டையன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். அருள்குமார் மறுபடியும் ஒயரை அழுத்தினார், பழத்தை நசுக்கினார், ஊதினார். எரியவே இல்லை. அவருக்குள் எங்கோ ஒரு மூலையில் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அதை மறைக்கக் குனிந்தபடியே இருந்தார்.

அப்போது சமையலறைக் கதவு திறந்தது.

நந்திதா டீச்சர் வந்தார். சாதாரணமான மாம்பழ மஞ்சள் சேலை, தலையில் ஒரு முழம் மல்லிகை. யார் முகத்தையும் பார்க்கவில்லை. தாம்பாளத்துக்கு எதிரில் உட்கார்ந்து எல்.இ.டி.யைக் கழற்றினார். கால்களை இடம் மாற்றித் திரும்ப முறுக்கினார். நீளக் கால் நேர்முனைக்கு, குட்டைக் கால் எதிர்முனைக்கு. எட்டாம் வகுப்புப் பாடம். அறிவியல் வாத்தியார் அவசரத்தில் தலைகீழாக முறுக்கியிருந்தார்.

குண்டுமணி அளவுக்குச் சிவப்பாக ஒரு வெளிச்சம் வந்தது.

கூடத்தில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நந்திதா டீச்சரும் பார்த்தார். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"சார் சொல்றது நெசந்தானுங்க அத்தை. அவருக்குத்தான் அந்த நெனப்பே கெடையாதுங்களாமே. வெறும் சோதனைதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

சொன்ன சொல் சொல்தானே. ஒவ்வொருவராகக் கேனை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். தெய்வாத்தாள் பட்டுத் துண்டை மடித்துக் கொடுத்தாள். செங்கோட்டையன் நீட்டிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார். அந்த நிலையிலும் மரியாதை தவறவில்லை.

"இருந்து மத்தியானமும் சாப்பிட்டுட்டுப் போலாமுங்க தம்பி."

"இல்லீங்க. போயிட்டு வாரேனுங்க."

ஜெயித்த சோதனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அருள்குமார் படியிறங்கினார். திங்கட்கிழமை அதிகாரி முன்னால் பள்ளியின் மானம் பிழைத்துவிடும். அவரைப் பொறுத்தவரை எல்லாம் முடிந்துவிட்டது. நாளை மத்தியானம் பீரோவுக்கு அந்தப் பக்கம் மூடி திறக்கும் சத்தம் கேட்டால் எந்த முகத்தோடு இந்தப் பக்கம் திறப்பது? சூலூரிலிருந்து அக்கா பஸ் ஏறியிருப்பாள். அவளிடம் என்ன சொல்வது? அழ வேண்டும்போல் இருந்தது. தாம்பாளத்தோடு அழுதால் துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

ரிஃபத் ஆட்டோவோடு அங்கேயே காத்திருந்தான். 

"கடைவீதி வழியா வேண்டாம் ரிஃபத்" என்றார் அருள்குமார் ஏறி உட்கார்ந்து. "ஒருத்தர் முகத்துலயும் முழிக்க முடியாது. பள்ளமா இருந்தாலும் பரவாயில்லை, நேர் ரோட்டுலயே போயிருங்க."

ரிஃபத் சாவியைத் திருகாமல், கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தான்.

"நேர் ரோடு நல்லாத்தானுங்க சார் இருக்குது. உங்க ஊட்டுக்கிட்டப் போயி நின்னு, நாலு பேரு கண்ணுல படற மாதிரி ஊரைச் சுத்தி மெதுவாக் கூட்டிட்டு வரோணும்னு நந்திதா டீச்சர்தானுங்க நேத்தே சொல்லிவெச்சாங்க."